திரையில் மனநோய் வைத்தியசாலை: கல்முனையிலிருந்து ஒரு பார்வை

மனநோய் வைத்தியசாலையை வைத்துப் பயமுறுத்தும் படங்களுக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1920இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் ‘டாக்டர் கலிகாரி’ அன்றைக்கே வழியைப் போட்டுக் கொடுத்துவிட்டது: கதை சொல்பவனே நோயாளி, அது கடைசியில்தான் தெரியவரும். ஹிட்ச்கொக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ (1945), சாமுவேல் புல்லரின் ‘ஷொக் கொரிடோர்’ (1963) என்று கொடிவழி நீள்கிறது. அதில் நம்மவர்கள் அதிகம் பார்த்தது ஸ்கோர்செசியின் ‘ஷட்டர் ஐலண்ட்’ (2010) ஆகத்தான் இருக்கும்.

தீவொன்றில் 1954இல் நடக்கும் கதை. காணாமற்போன பெண் நோயாளியைத் தேடி ஓர் அதிகாரி வருகிறான். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.) தேடி வந்தவனே அங்கே இரண்டு வருடமாக இருக்கும் நோயாளி. இந்த முடிச்சு எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஏரிக்காட்சிதான் பெரிது. வீடு திரும்பும் தகப்பன், அதாவது அந்த அதிகாரியே, தண்ணீரில் இறங்கி, மூழ்கிய மூன்று பிள்ளைகளையும் கரையேற்றிப் புல்லில் வரிசையாகக் கிடத்துகிறான். மற்ற ஊர்களில் இது ஒரு திரைக்கதைத் திருப்பம். மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ இருந்துகொண்டு அப்படிப் பார்க்க முடியுமா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். தன் பிள்ளைகளின் ஜனாஸாவைத் தானே தூக்கிய வாப்பாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நடந்ததை நடக்கவில்லை என்று மனம் ஏன் அடம்பிடிக்கிறது என்பதை அவர்களுக்கு எந்தப் படமும் விளக்கத் தேவையில்லை.

தமிழ்ப் படங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ‘மூடுபனி’யில் (1980) கொலைகாரனின் சிறுபிராயக் காயத்தைத் தொட்டார், அது அபூர்வம். ‘சேது’ (1999) காட்டிய சங்கிலி கற்பனையல்ல. இலங்கை முஸ்லிம்களும் நேர்ச்சை வைத்துப் போகும் தமிழ்நாட்டு ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். அதே வருடம் நவம்பரில் வந்த ‘ஆளவந்தான்’ மனநோய் விடுதியிலிருந்து தப்பிய கொலைகாரனைக் கொண்டாடியது. கத்தி எடுப்பவன், சங்கிலியில் கிடப்பவன்: நம் சினிமாவில் மனநோயாளிக்கு அனேகமாக இந்த இரண்டு வேடம்தான்.

கிளினிக் நாளில் துண்டோடு வாங்கில் காத்திருந்து, குளிசை வாங்கி, பஸ் ஏறி வீடு போய்ச் சோறாக்கும் உம்மாவை யார் படமாக்குவார்? சுனாமிக்குப் பிறகு மனநல சிகிச்சை கொழும்பை விட்டு மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் பரவியது. அங்கே மருந்து இலவசம். அப்படியும் ஜின் என்றும் செய்வினை என்றும் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும் வீடுகள் உண்டு. ஓதிய தண்ணி குடிப்பவர் குடிக்கட்டும், இசுமு கட்டுபவர் கட்டட்டும். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். பேச ஆளில்லை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.