அலைபேசிச் சேவை வரைபடங்கள்: ஒரு மதிப்பீடு

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2024ஆம் ஆண்டு சேவைத்தர விதிகளின்படி, அலைபேசி நிறுவனங்கள் 2ஜி, 4ஜி, 5ஜி சேவை கிடைக்கும் பகுதிகளை வரைபடமாகத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கடைக்காரர் சொல்லை நம்பி சிம் வாங்கியவர்களுக்கு இது நல்ல வசதிதான்.

ஆனால் சேவை உண்டு, இல்லை என்று வண்ணம் தீட்டினால் போதுமா? சிக்னல் மைனஸ் 90 டிபிஎம் அளவிலிருந்து மைனஸ் 100 ஆகக் குறைந்தால், அதன் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும். இரண்டும் ஒரே வண்ணத்துக்குள் அடங்கிவிடலாம்.

சோமனூர் போன்ற விசைத்தறி ஊர்களில் இக்குறை பெரிது. தகரக் கூரை அலைகளைத் திருப்பிவிடும். வாசலில் கிடைக்கும் சிக்னல் தறிக்கூடத்துக்குள் கிடைக்காது. பாவு நூல் பற்றி உற்பத்தியாளர் அழைத்தால், கூலிக்கு நெய்பவர் வெளியே வந்துதான் பேச வேண்டும். வரைபடத்தில் அந்தக் கூடமும் வண்ணத்துக்குள்தான் இருக்கும்.