எட்டுப் பட்டைத் தூண்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகையில் வணங்கிவிட்டு, வாவிக்கரையில் சற்று நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாளிகையை ஒட்டி, நீண்டு தாழ்ந்த கூரையோடு கிடக்கும் கட்டடத்துக்குள் போகிறவர்கள் மிகக் குறைவு. அதுதான் ரஜ வாசல, கண்டி அரசர்களின் அரண்மனை. முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) அடித்தளம் இட்டது என்பார்கள். பின்வந்தவர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். ஆட்சி ஆங்கிலேயரிடம் போனபின் அரசாங்க அதிபர்கள் குடியிருந்தார்கள். இன்று அது தொல்பொருள் அருங்காட்சியகம்.

தஞ்சாவூரையோ மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையோ மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வரக்கூடாது. அண்ணாந்து பார்க்க வைக்கும் வளைவுகள் இங்கே இல்லை. தடித்த வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, வாசலில் சுதை வேலைப்பாடு, அவ்வளவுதான். ஆனால் கண்டியில் அந்த ஓடும் வெள்ளையுமே அரச சின்னம். குடிமக்கள் வீட்டுக்கு ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதி இல்லை என்று, பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலைநாட்டில் சிறையிருந்து 1679இல் தப்பிய ரொபர்ட் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு வாசற்படி ஏறினால் அந்த எளிய சுவரே வேறு கம்பீரத்தில் தெரியும்.

உள்ளே மண்பாண்டங்களும் கல்வேலைகளும் இருக்கின்றன. நான் அவற்றை விரைவாகவே கடந்துவிடுவேன். என்னை நிறுத்துவது மரத்தூண்கள்.

கண்டித் தூணைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். அடியில் சதுரம். சற்று மேலே நான்கு மூலைகளும் சீவப்பட்டு எட்டுப் பட்டையாகிறது. நடுவில் மறுபடி சதுரம். அந்தச் சதுரத்தின் முகங்களில்தான் சிற்பி தன் கைத்திறனைக் காட்டுகிறான். தாமரை, கொடிக்கருக்கு, பின்னிய அன்னம். பிறகு மீண்டும் எட்டுப் பட்டை. உச்சியில் நாலு பக்கமும் கை நீட்டி, இதழ் இதழாகக் கவிழ்ந்து தொங்கும் தாமரைப் போதிகை. சிங்களத்தில் அதைப் பேகட என்கிறார்கள். நம் கோயில் மண்டபங்களில் புஷ்பபோதிகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

இந்த ஒற்றுமையை நாயக்கர் தொடர்பு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் தென்னிந்திய நாயக்கர் வழியினர் என்பது உண்மை. அரச உறவினர் குடியிருந்த மலபார் வீதி இன்றும் நகரில் இருக்கிறது. ஆனால் தூணின் கதை அதைவிட மிகப் பழையது.

எட்டுப் பட்டை எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். அறுத்த மரம் ஒன்றைச் சதுரமாக்கி நிறுத்தினால் மூலைகள்தான் முதலில் அடிபடும், சிம்பு கிளம்பும். தச்சன் அந்த மூலைகளைச் சீவுகிறான். நான்கு முகம் எட்டாகிறது. பொருத்து வரும் இடங்களில் சதுரத்தை விட்டுவைக்கிறான். அங்கே மரத்தின் முழுக் கனமும் வேண்டும். போதிகையும் அப்படித்தான். உத்தரத்தின் சுமையை இருபுறமும் நீண்டு வாங்கி, இரு தூண்களுக்கு நடுவே உத்தரம் தொய்யாமல் காப்பது அதன் வேலை. அழகு பிறகு வந்தது. வடிவம் முழுவதும் தச்சுப்பட்டறையில் தேவையிலிருந்து உண்டானது.

செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலை இங்கே நினைத்துக்கொள்வேன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாக அவன் கல்வெட்டு பெருமைப்படுகிறது. ஆனால் அந்தக் குகையின் தூணைப் பாருங்கள்: கீழே சதுரம், நடுவே எட்டுப் பட்டை, மேலே சதுரம். மரத்தை விலக்கிய மன்னனாலும் தச்சனின் இலக்கணத்தை விலக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அந்த இலக்கணம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாகக் கல்லில் வளர்ந்தது. மர மூலங்கள் மழையிலும் கறையானிலும் போய்விட்டன. கண்டியிலோ, அங்கே கல்லுக்கு மாறிவிட்ட வடிவத்தை மரத்திலேயே பார்க்கிறோம். கண்டித் தூணின் முன் நிற்கும் தமிழர் தம் கோயில் தூணின் முன்பிறவியைப் பார்க்கிறார் என்றே நான் சொல்வேன்.

வடிவம் ஒன்றானாலும் செதுக்கும் முறை வேறு. கல்லில் மரத்தைப்போல் நார் ஓடுவதில்லை. மரத்துக்கு நார் உண்டு. நாரோடு போனால் உளி வழுக்கும், குறுக்கே போனால் சிம்பு பெயரும். கொடிக்கருக்கின் ஒவ்வொரு வளைவிலும் நாரின் திசை மாறிக்கொண்டே இருக்கும். அதை முறியாமல் கொண்டுபோன கையைத்தான் நான் தேடிப் பார்ப்பேன்.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் மகுல் மடுவவுக்குப் போய்விட வேண்டும். ராஜாதிராஜசிங்கன் 1783இல் கட்டத் தொடங்கிய திறந்த கொலுமண்டபம் அது. உள்ளே தனித்தனியாகப் பார்த்த தூண்கள் இங்கே அணிவகுத்துக் கூரையைத் தாங்குகின்றன. போதிகை தன் வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியும். 1815 மார்ச் 2ஆம் தேதி கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டு ராச்சியம் கைமாறியது இதே கூரையின் கீழ்தான். கடைசி அரசன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான்.

கண்டியின் இந்தக் கைவினைக் கலையை உலகம் மதிக்கச் செய்தவர்களில் முதல்வர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த இந்தத் தமிழர் கனிமவள ஆய்வுக்காகக் கிராமங்களுக்குப் போனவர். அங்கே கைவினைஞர்களின் பட்டறைகளைக் கண்டார். 1908இல் வெளியான ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அவரது ஆங்கில நூல், ஆங்கிலேயக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸின் அச்சியந்திரத்தில் அச்சானது. வடிவங்களின் பெயர், பட்டறை முறை, அரசனுக்குச் சேவை செய்து நிலம் பெற்ற கைவினைக் குடிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அழியப்போகிறதே என்ற தவிப்போடு எழுதப்பட்ட நூல் அது.

நேரம் இருந்தால் பிலிமத்தலாவைப் பக்கம் போய் மூன்று கோயில்களைச் சேர்த்துப் பார்க்கலாம். 1344ஐச் சேர்ந்த கடலாதெனியவின் சிற்பி கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியக் கட்டடமரபு அங்கே கல்லில் நிற்கிறது. லங்காதிலகவின் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மூன்றாவது எம்பக்கே, கதிர்காமக் கடவுளின் தேவாலயம். அதன் மேளமண்டபத் தூண்களில் மல்லர் மோதுகிறார்கள், தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், இருதலைப் பறவை சிறகு விரிக்கிறது. மொத்த வேலைப்பாடுகளை 514 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, நான்கு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். பிறகு கூரையை நிமிர்ந்து பார்க்க வேண்டும்: 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கோக்கப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சைத்தான் அந்த மண்டபத்திலேயே தலைசிறந்த வேலை என்பேன்.