உரைக்கு மேல் கேள்வி இல்லையா?

"பரிமேலழகர் சொல்லிவிட்டார்!" இந்த ஒரு தொடரை வீசினால் போதும், தமிழ் மன்றங்களிலே எழுந்த கை இறங்கும், திறந்த வாய் மூடும். வள்ளுவரே நேரில் வந்து, 'யான் அவ்வாறு எண்ணவில்லையே' என்றாலும், 'உரையைப் பாரும் ஐயா!' என்பார்கள் போலும்!

குறளுக்குப் பழைய உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. அவருள் ஒருவர், நம் காஞ்சியில் வாழ்ந்தவர் எனப்படும் பரிமேலழகர், பத்துப் பேருக்கும் சேர்த்துப் பேசுபவராகிவிட்டார். மணக்குடவர் அவருக்கு முற்பட்டவர். ஆயினும் அவரது அறத்துப்பால் உரையை வ.உ. சிதம்பரனார் பதிப்பித்தது 1917-இல்தான். ஒரு குரலே ஓங்கி ஒலித்த அவையில், அக்குரலே ஊரார் ஒப்பிய முடிவாவதில் வியப்பென்ன?

ஆனால், அந்தப் பரிமேலழகர் ஊரோடு ஒத்துப் பாடியவர் அல்லர். 501-ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். வினைக்குரியவனை ஆராய்ந்து தெளியும் இடம் அது. அங்கே, வடநூற் பொருளை அறியாது பிறரெல்லாம் 'உயிரெச்சம்' எனப் பாடத்தைத் திரித்துவிட்டனர் என்று கூறி, 'உயிரச்சம்' என்பதே பாடம் என்கிறார். பிறரெல்லாம் ஓர் அணி. அவர் ஒருவர் மட்டும் மறு அணி! அவர் காட்டும் சான்று, அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நால்வகைச் சோதனை. 1909-இல் மைசூரில் சாம சாத்திரி அச்சேற்றிய கௌடலியத்தில் அந்நான்கும் அதே வரிசையில் நிற்கின்றன. வடநூல் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. இவ்விடத்தில் அந்த ஒருவர் சொன்னதே பொருந்துகிறது. இன்று நம் கையிலுள்ள பதிப்புகளில் நாம் படிப்பதும் அவர் பாடமே.

சான்று காட்டிய இடத்தில் ஏற்றோம். காட்டாத இடத்தில்?

தன் மகனைச் சான்றோன் எனக் கேட்ட தாய், அவனைப் பெற்ற பொழுதினும் பெரிதும் மகிழ்வாள் என்கிறது 69-ஆம் குறள். 'கேட்ட' என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பெண்ணியல்பால் தானாக அறியமாட்டாள், ஆதலின் கேட்டாள் என்று விளக்குகிறார் உரையாசிரியர். எங்கிருந்து வந்தது இது? பாட வேறுபாடா? இல்லை. இலக்கணமா? இல்லை. மணக்குடவர் கண்ட பொருளா? அதுவும் இல்லை. தந்தையும்தான் மகன் புகழைப் பிறர் வாயால் கேட்டு மகிழ்கிறான், அறியாமையாலா கேட்கிறான்? என் வகுப்பில் தறிக்காரர் வீட்டுப் பெண்கள் படிக்கிறார்கள். ஓர் இழை பிசகினால் விரல் நுனியாலேயே அறிபவர்கள் அவர்களுடைய தாய்மார். அப்பெண்களிடம், 'உன் தாய் தானாக எதையும் அறியமாட்டாள்' என்று வள்ளுவர் பெயரால் ஓதுவதா?

உரையின் தோற்றுவாயிலேயே வித்து இருக்கிறது. மனு முதலிய நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழித்தலுமே அறம் என அங்கே வரையறுத்துவிடுகிறார். 1330 குறளிலும் மனுவின் பெயர் ஓரிடத்தும் இல்லை! நம் ஊருக்குப் பட்டு வாங்க வருவோர் சேலையைப் புரட்டி அடிப்புறத்தையும் பார்க்கிறார்கள். அதற்காக எந்த நெசவாளியும் சினப்பதில்லை. உரையைப் புரட்டினால் மட்டும் புலவர்களுக்குச் சினம் பொங்குவதேன்?

இனி, நம்மவர்க்கும் ஒரு சொல். பரிமேலழகரைப் படியாமலே பழிப்பது இன்று எளிதாகிவிட்டது. 37-ஆம் குறளில், பல்லக்குச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் காட்டி அறப்பயன் சொன்னது பரிமேலழகர் சூழ்ச்சி என்பர் சிலர். மணக்குடவரும் அப்பொருளே கண்டார் என்பதை அவர்கள் அறியார். அவ்விருவரையும் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லவே வேண்டா என்பது புதிய உரை. 'வேண்டா' என்ற சொல் அதற்கு இடந்தரும். ஆனால் முன்னும் பின்னும் நிற்கும் குறள்கள் இறப்புக்குத் துணையாவதையும் பிறப்பின் வழியை அடைப்பதையும் பேசுவதால், அதிகாரம் பழைய உரையின் பக்கமே சாய்கிறது. என் நெஞ்சு புதிய உரையை விரும்புகிறது. விருப்பம் சான்றாகாதே! வகுப்பில் இரண்டையும் சொல்கிறேன். புதியதற்குச் சான்று இன்னும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.