குறைப்பட்டியலின் குறை

காரைப் பழுதுபார்க்கும் கையேடு எதையேனும் நீங்கள் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பலவற்றின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று இருக்கும். குறை, காரணம், பரிகாரம் என்பன அப்பத்திகளின் தலைப்புகள். 'ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை' என்பது குறை. ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிட்ச், மோட்டார் ஆகிய நான்கும் காரணங்கள். நான்குக்கும் எதிரே 'மாற்றுக' என்ற ஒரே பரிகாரம்! இந்த அட்டவணையைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறோம்.

முதலில் விசிறியின் வேலையைப் பார்ப்போம். 2014ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரில் எஞ்சினே பெல்ட் வழியாக விசிறியைச் சுழற்றியது. 1983ல் வந்த மாருதி 800ல் எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்தது. எனவே ரேடியேட்டருக்குப் பின்னால் தனி மின்மோட்டார் ஒன்று விசிறியைச் சுழற்றியது. இன்று பெரும்பாலான கார்களில் இந்த ஏற்பாடுதான். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் நிற்கும்போதுதான் விசிறி தேவை. ஆகவே நெடுஞ்சாலையில் சரியாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெப்பமானி முள் ஏறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். ஓடும்போதும் ஏறினால் குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கவனியாமல் விட்டால் சிலிண்டர் தலை வளைந்து, பெருஞ்செலவில் முடியும்.

அட்டவணைக்கு உரிய பெருமையை மறுக்க வேண்டாம். புதிதாகக் கற்பவனுக்கு உறுப்புகளின் பெயர்களை அது சொல்லித் தருகிறது. விலை குறைந்த ஃபியூஸை முதலில் வைத்திருப்பதும் நல்லதே. ஆனால் அதில் மூன்று பெருங்குறைகள் உள்ளன.

முதற்குறை: அது உறுப்புகளைச் சொல்கிறது, சுற்றைச் சொல்லவில்லை. மின்னோட்டம் பேட்டரியின் நேர்முனையில் புறப்பட்டு, ஃபியூஸ், ரிலே, மோட்டார் வழியாகச் சென்று, காரின் உடற்பகுதி வழியே எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் பாதையைத்தான் பட்டறையில் 'எர்த்' என்கிறார்கள். மோட்டாரின் எர்த் வயர், உடலில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்தப் போல்ட்டின் அடியில் துரு ஏறினால் விசிறி நிற்கும். நான் பார்த்த அட்டவணைகள் பலவற்றில் எர்த்துக்கு ஒரு வரிகூட இல்லை. சிலவற்றில் 'இணைப்புகளைச் சரிபார்க்கவும்' என்று இருக்கும். எப்படி என்று இராது. காரணம் எளிது. அது கடையில் விற்கும் பொருள் அன்று. விற்காத பொருளுக்குப் பட்டியலில் இடமில்லை போலும்!

இரண்டாங்குறை: சோதிக்கும் முறை. 'மோட்டாருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார். வந்தால் மோட்டாரை மாற்று' என்பது வழக்கமான அறிவுரை. மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, வயர் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். அது 12 வோல்ட் காட்டுகிறது. இதில் என்ன பிழை?

வீட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒன்று துருவால் அடைத்திருக்கிறது என்க. குழாயின் வாயை விரலால் அடைத்தால் முழு அழுத்தமும் விரலில் தெரியும். விரலை எடுத்தால் நூல் போலத்தான் நீர் வரும். மின்சாரமும் அப்படியே. நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். அதன் வழியே ஓடுவது ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. மின்னோட்டம் இவ்வளவு குறைவாக இருக்கையில், வழியில் 1000 ஓம் தடை இருந்தாலும் அங்கே குறையும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டைச் சற்றே தாண்டும். மீட்டருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். விசிறியோ சுழலாது.

ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் இதே ஏமாற்றம்தான். ஒரு மூட்டில் 0.5 ஓம் தடை இருந்தால், மீட்டர் வயர்களின் சொந்தத் தடையோடு அது கலந்து, பொருட்படுத்தத் தகாததாகத் தோன்றும். விசிறிக்கு 8 ஆம்பியர் ஓடும்போது அதே 0.5 ஓமில் 4 வோல்ட் தொலைகிறது. அத்துடன் 32 வாட் வெப்பம் அந்தச் சிறு மூட்டில் பிறக்கிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவது இதனால்தான்.

1827ல் ஓம் வெளியிட்ட விதியை நீங்கள் பள்ளியில் படித்திருக்கிறீர்கள். ஆனால் பாடநூலின் கணக்கில் வயருக்கும் மூட்டுக்கும் தடையே இல்லை. பட்டறையின் அட்டவணையில் ஓமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது விசிறி.

மூன்றாங்குறை: 'மாற்றுக' என்னும் பரிகாரம். ஃபியூஸ் எரிந்தால் மாற்றலாம். ஆனால் அது ஏன் எரிந்தது? இறுகிப்போன மோட்டார் சுழலாமல் நிற்கும்போது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். ஃபியூஸ் குற்றவாளி அன்று, சாட்சி. சாட்சியை மாற்றிவிட்டுப் பெரிய ஃபியூஸ் போடுகிறவர், வயர் தீப்பற்ற வழி செய்கிறார். ரிலேயில் 'டிக்' என்ற ஒலி கேட்டால் அது நல்லது என்பதும் தவறே. அந்த ஒலி, உள்ளே உள்ள கம்பிச்சுருள் வேலை செய்வதை மட்டும் காட்டும். மின்னோட்டம் கடக்கும் தொடுமுனைகள் கருகியிருக்கலாம்.

என் நண்பர் ஒருவரின் காரில் ரிலேயை மாற்றினார்கள்; மோட்டாரையும் மாற்றினார்கள். புது மோட்டாரும் சோம்பலாகவே சுழன்றது. மூன்றாம் முறைதான் ஒருவர் சுற்றை ஓடவிட்டு அளந்தார். பேட்டரியில் 12.4 வோல்ட். பேட்டரி நேர்முனைக்கும் மோட்டாரின் நேர்முனைக்கும் இடையே 0.4. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே 8.0. மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே 4.0. கூட்டிப் பாருங்கள்: 12.4! 1845ல் கிர்க்காஃப் சொன்ன விதி இதுவே. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கியதும் விசிறி சீறிப் பாய்ந்தது. பழைய மோட்டார் நல்லதாகவே இருந்திருக்கிறது. ஆனால் பணம் போனது போனதுதான்.

ஆகவே நல்ல அட்டவணை எப்படி இருக்க வேண்டும்? சுற்றின் மூன்று பகுதிகளையும், விசிறிக்கு மின் இணைப்பு கொடுத்த நிலையில், கனெக்டரைக் கழற்றாமல் அளக்கச் சொல்ல வேண்டும். முழு மின்னழுத்தமும் மோட்டாரின் மேலேயே நின்றும் அது சுழலாவிட்டால் குறை மோட்டாரில். முழுவதும் எர்த் பக்கம் தெரிந்தால் திரும்பும் பாதை அறுந்திருக்கிறது. நேர்முனைப் பக்கம் தெரிந்தால் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எர்த் பாதையில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அது நல்ல பாதை அன்று.

மின்சாரமே காரணமாக இல்லாதிருக்கவும் கூடும் என்பதையும் அட்டவணை சொல்ல வேண்டும். கூலண்ட் குறைந்து வெப்பச் சுவிட்ச் வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் அதற்குச் சூடு தெரியாது. இன்றைய பல கார்களில் கணினியே விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அவற்றில் அந்தக் காருக்குரிய மின்சுற்று வரைபடம் இன்றிச் சோதிக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. சாவியை எடுத்த பின்னும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும். கையும் துணியும் விலகியே இருக்கட்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கார் இல்லாத மாணவரும் இதைச் சோதிக்கலாம். இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்ப், ஒரு பென்சில் கரித்துண்டு ஆகியவற்றை ஒரே வரிசையில் இணையுங்கள். பல்ப் மங்கலாக எரியும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள்: ஏறக்குறைய முழு 3 வோல்ட்! மீண்டும் பல்பைப் பொருத்தி அளந்து பாருங்கள், மின்னழுத்தம் இறங்கியிருக்கும். காணாமற்போன வோல்ட் எங்கே? கரித்துண்டின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் அது அகப்படும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், அட்டவணை உங்களுக்குச் சொல்லாததை நீங்களே கற்றுக்கொண்டவர் ஆவீர்கள்.