பூட்டிய அறையின் மொழி: ‘மணிச்சித்திரத்தாழ்’ திரைப்படமும் அதன் மறுவாக்கங்களும்

பழைய வீடொன்றைச் செப்பனிட முற்படும் ஒருவர், சுவரை உடைக்கும்போதோ தளத்தைப் பெயர்க்கும்போதோ மறைந்து கிடந்த குற்றமொன்றின் தடயத்தைக் காண்பதும், காவல்துறையைச் சாராத அவரே அதன் உண்மையைத் துலக்குவதும் ஆகிய கதையமைப்பு, அமெரிக்க மர்மப் புதினங்களில் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளது. இவ்வகையில் வீடு நிகழ்ச்சிக்களமாக மட்டும் நில்லாது சான்றாகவும் அமைகின்றது. இத்தகைய கதை மொழி எல்லையைக் கடக்கும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதை, திருவிதாங்கூர்ச் சூழலில் எழுந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்னும் மலையாளத் திரைப்படத்தையும் அதன் மறுவாக்கங்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

1. வகையின் இயல்பு

சாரா கிரேவ்ஸ் 1998இல் தொடங்கிய புதின வரிசையில், மெய்ன் மாநிலத்தின் ஈஸ்ட்போர்ட் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை வாங்கிய பெண் துப்பறிகிறாள். ஜென்னி பென்ட்லி 2008இல் தொடங்கிய வரிசையில், உறவினர் ஒருவரிடமிருந்து வந்த வீட்டைப் புதுப்பிக்கும் பெண்ணே அப்பணியை மேற்கொள்கிறாள். கேட் கார்லைல் 2014இல் தொடங்கிய வரிசையின் தலைவி கட்டட ஒப்பந்தக்காரர். சிற்றூர், ஒருவரையொருவர் அறிந்த மாந்தர், குருதி சிந்தும் காட்சிகளின் குறைவு, நகைச்சுவை, இறுதியில் ஊர் அமைதிக்குத் திரும்புதல் ஆகியன இவற்றின் பொதுக் கூறுகள்.

இவ்வகையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர் கதகதப்பையும் மன இதத்தையும் உணர்த்தும் சொல்லிலிருந்து பிறந்தது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் கொலைக்கதைக்குப் பொருந்தாத தொடரே கிட்டும். ஆகவே, படிப்போர் அடையும் உணர்வை விடுத்து, கதையின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு ‘மனைமர்மக் கதை’ என்னும் தொடர் இங்கு ஆளப்படுகின்றது.

2. தறவாடும் துப்பறிவோனும்

பாசில் இயக்கத்தில், மது முட்டத்தின் திரைக்கதையில் உருவான ‘மணிச்சித்திரத்தாழ்’ பேய்க்கதை போலத் தொடங்கினும், அமைப்பால் மனைமர்மக் கதையே எனலாம். மாடம்பள்ளி என்னும் தறவாட்டிற்கு நகுலனும் அவன் மனைவி கங்கையும் குடிவருகின்றனர். பூட்டிக் கிடந்த அறையைக் கங்கை திறக்கச் செய்கிறாள். அதன்பின் நிகழும் தீங்குகளை ஆராய நகுலனின் நண்பரும் உளநோய் மருத்துவருமான சன்னி வருகிறார். குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் ஏதும் அவருக்கு இல்லை. நகைப்பூட்டும் விருந்தினராக வீட்டிற்குள் நடமாடியே அவர் செய்தி திரட்டுகிறார். கங்கை வளர்ந்த ஊருக்கும் சென்று உசாவுகிறார். வீட்டாரின் ஐயம் ஸ்ரீதேவி என்னும் உறவுப்பெண் மீது படிகின்றது. முடிவில், முன்னொரு காலத்துக் கொலை அறியப்படுகிறது. நிகழவிருந்த கொலை தடுக்கப்படுகிறது.

கதைக்களத்தின் மொழிநிலையும் கருதத்தக்கது. படத்தின் சில பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் படமாக்கப்பட்டன. 1795இல் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்படும்வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரமே. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அரண்மனையைப் பேணும் பொறுப்போ கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. இரு மொழிகளுக்கும் பொதுவான மனை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

3. சொல்லும் அறையும்

படத்தின் பெயரே மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பாடமாகும். மணி, சித்திரம், தாழ் ஆகிய மூன்றும் தமிழர்க்கு விளங்கும் சொற்களே. எனினும் மலையாளத்தில் ‘தாழ்’ பூட்டைக் குறிக்க, தமிழ் வழக்கில் அது கதவை உள்ளிருந்து அடைக்கும் தாழ்ப்பாளைக் குறிக்கின்றது. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்தில் தனித்து வரும் இச்சொல், இன்றைய பேச்சில் ‘தாழ்ப்பாள்’ என்னும் கூட்டுச்சொல்லிலேயே பெரிதும் வாழ்கிறது. பூட்டு வெளியிலிருந்து இடப்படுவது. தாழ்ப்பாள் உள்ளிருப்போர் இடுவது. அடைத்தவர் யார் என்பதே கதையின் வினாவாதலின், எளிதாக விளங்கும் இணைச்சொல்லே இங்குப் பொருளைத் திரிக்கவல்லது.

பூட்டிய பகுதியின் பெயராகிய ‘தெக்கினி’யும் அத்தகையதே. நாலுகெட்டு வீட்டில் முற்றத்தைச் சூழ்ந்த நான்கு பகுதிகளுள் தெற்கிலுள்ளது தெக்கினி, வடக்கிலுள்ளது வடக்கினி. தென்திசை யமனுக்குரியது என்னும் நம்பிக்கை இரு மொழியினர்க்கும் பொது. ஆயினும் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என வீட்டை முன்பின்னாக எண்ணும் தமிழ் வழக்கில் திசைப்பெயரால் அமைந்த நேர்ச்சொல் இல்லை. பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யில் (2005) அவ்விடம் இறந்தவளின் பெயரால் சந்திரமுகியின் அறையாகிறது. திசை மறைந்து ஆள் முன்னிற்கவே, வீட்டமைப்பிலேயே உறைந்திருந்த அச்சம் ஒருத்தியின் மீது ஏற்றப்படுகிறது.

இதனினும் பெரிய மாற்றம் உரிமையைப் பற்றியது. மாடம்பள்ளி நகுலனின் குடும்ப வீடு; நாகவல்லியைக் கொன்ற சங்கரன் தம்பி அக்குடும்பத்தின் முன்னோன். குற்றம் குருதிவழி உறவினது. தமிழில் அது செந்தில்நாதன் விலைக்கு வாங்கிய வேட்டையபுரம் அரண்மனை. வாங்கியவனுக்கும் வேட்டையனுக்கும் குருதித் தொடர்பு இல்லை. அமெரிக்கப் புதினத்தின் தலைவி விலைக்கு வாங்கிய வீட்டைப் போல, இங்கும் குற்றம் பிறருடையதாகிவிடுகின்றது. தறவாடு என்னும் சொல்லை அரண்மனை எனப் பெயர்த்தபோது, வீடு பெரிதாயிற்று, பொறுப்புச் சிறிதாயிற்று.

4. இறந்தவளின் மொழி

மூலப்படத்தில் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த ஆடல் மகள். அவள் மொழி தமிழ். இது வெறும் புனைவன்று. சுவாதித் திருநாளின் திருவனந்தபுர அவையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சிறப்புற்றிருந்ததும், 1834இல் அவருக்குத் தந்த வயலின் வழங்கப்பட்டதும் வரலாறு. தஞ்சையின் ஆடலும் இசையும் திருவிதாங்கூருக்குச் சென்ற வழியிலேயே நாகவல்லியும் கற்பனையில் சென்றிருக்கிறாள்.

கங்கையின் வாயில் தமிழ் எழும் கணமே கதையின் தலைமையான தடயமாகும். கங்கையின் பேச்சுக்குப் பாக்யலட்சுமியும், நாகவல்லியின் பேச்சுக்குத் தமிழ்க் குரற்கலைஞர் துர்காவும் குரல் வழங்கியதை இயக்குநர் 2016இல் தெளிவுபடுத்தினார். பாடலின் மலையாளப் பகுதியைப் பிச்சு திருமலையும் தமிழ்ப் பகுதியை வாலியும் எழுதினர். அண்டைமொழியைக் கேலிக்குரிய கொச்சையாக்காமல், அம்மொழியினரிடமே ஒப்படைத்தமை பாராட்டத்தக்கது. மலையாளிக்குப் பாதி விளங்கும் தமிழே இங்கு அச்சத்தைத் தருகின்றது. முற்றிலும் விளங்காத மொழி வெறும் ஓசையாகவும், முற்றிலும் விளங்கும் மொழி வெறும் பேச்சாகவும் நின்றுவிடும்.

தமிழ் மறுவாக்கத்தில் தமிழ் அயல்மொழியாக இயலாது. சந்திரமுகி விஜயநகரத்திலிருந்து வந்த தெலுங்குப் பெண்ணானாள். கருநாடக இசைவழி தெலுங்கைக் கேட்டுப் பழகிய தமிழர்க்கு அதுவும் பாதி விளங்கும் மொழியே; ஆதலின் பயன்நிலை ஒப்புமை காக்கப்பட்டது எனலாம். ஆனால் இம்மாற்றத்தைத் தேவையால் மட்டும் விளக்க இயலாது. அதே இயக்குநர் முன்னரே எடுத்த கன்னட ‘ஆப்தமித்ர’வில் (2004) நாகவல்லி என்னும் பெயர் நின்றது, மொழியோ தெலுங்காயிற்று. கன்னடப் படத்தில் தமிழ் அயல்மொழியாகவே நின்றிருக்க இயலும். எனவே தமிழ்ப் படத்தின் தெலுங்கு மூலத்திலிருந்து நேரே தேர்ந்ததன்று. இடைப்பட்ட பெயர்ப்பிலிருந்து வந்தது. மூலத்தை மட்டும் வைத்துப் பெயர்ப்பை மதிப்பிடும் முறையின் குறை இங்குப் புலனாகும். பிரியதர்சன் இயக்கிய இந்தி ‘பூல் புலையா’வில் (2007) அவ்விடத்தை வங்காளி பெற்றது.

இந்நான்கு படங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த வேறொரு மொழிக்காரியையே பூட்டிய அறைக்குள் வைக்கிறது. ஆய்வாளன் வீட்டு மொழியில் பேசுகிறான். பித்தும் பழியுணர்வும் அயல்மொழியில் பேசுகின்றன. மலையாளப் படத்தில் தமிழ் பெற்ற இடத்தைத் தமிழர் உணர்ந்தனர் எனில், அதே இடத்தைத் தெலுங்குக்கு அளித்தபோது அவ்வுணர்வு எழவில்லை என்பது கருதத்தக்கது. அயல்மொழியே அநீதியுற்றவளின் மொழியும் ஆகும் என்பது இதற்கு ஓரளவு ஈடு. மூலத்தில் அந்நீதி வீட்டாரின் முன்னோனுக்கு எதிராகக் கோரப்படுகிறது. தமிழில் கேட்போர் குற்றத்திற்கு உறவற்றவர். அதனால் அந்த ஈடும் மெலிகிறது.

5. முடிவுரை

மறுவாக்கங்கள் மூலத்தின் கதைப்பின்னலைப் பெரிதும் காத்தன. துப்பறியும் முறையும் மாறவில்லை. இழந்தவை இரண்டு: வீட்டிற்கும் குற்றத்திற்கும் இருந்த உறவு ஒன்று; இரு மொழிகளுக்கிடையே இருந்த வரலாற்று உறவு மற்றொன்று. திருவனந்தபுரத்தின் தெருக்களில் தமிழும் மலையாளமும் நாள்தோறும் ஒன்றையொன்று கேட்டு வாழ்கின்றன. அங்கு அண்டைமொழி பேயின் மொழியன்று, அடுத்த வீட்டாரின் மொழி. மனைமர்மக் கதையைப் பெயர்ப்போர் பாத்திரத்திற்கு அயல்மொழியொன்றைத் தேரும்போது, அது பாதி விளங்குமா என்பதோடு, அம்மொழியினர் அவ்வூருக்கு எவ்வழி வந்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவைக் கேளாத பெயர்ப்பில் அறை திறந்தாலும், உள்ளிருந்தவள் எவ்வாறு அங்கு வந்தாள் என்பது விளங்காமலே போகும்.