இல்லத்தில் புதினம் பயிற்றல்: 'பிரதாப முதலியார் சரித்திரம்', 'பார்த்திபன் கனவு' ஆகியவற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்ககாலப் புதினங்களையும் வரலாற்றுப் புதினங்களையும் இளையோருக்கு வீட்டில் அறிமுகப்படுத்த விரும்புவோர் பெரும்பாலும் சுருக்கப் பதிப்புகளையே நாடுகின்றனர். சுருக்குவோர் முதலில் நீக்கும் பகுதிகளே வாய்விட்டுப் படிக்கும் இல்ல வாசிப்புக்கு மிகுதியும் ஏற்றவை என்பதைத் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடைய இரு புதினங்களின் வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: புதினம், இல்ல வாசிப்பு, சுருக்கப் பதிப்பு, வேதநாயகம் பிள்ளை, கல்கி, உறையூர்

முன்னுரை

'செவ்வியல்' என்னும் சொல் தமிழாய்வுலகில் சங்க இலக்கியத்துக்கே உரியதாக நிலைபெற்றுவிட்டது. புதினத்தைக் குறிக்க அச்சொல்லை ஆள்வதில் தயக்கம் எழுவது இயல்பே. எனினும் 1879இல் வெளிவந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பேசப்படும் நூலையும், தொடராக வந்து 80 ஆண்டுகள் கடந்த பின்னும் மறுபதிப்பு ஓயாத நூலையும் வேறு எச்சொல்லால் சுட்டுவது என்பதும் எளிதில் தீரும் கேள்வி அன்று. இக்கட்டுரை அச்சொல்லை அவ்வளவில் மட்டுமே கொள்கிறது.

பள்ளிப் பாடநூல்கள் புதினத்தை விரிவானப் பகுதியில் ஒரு துணுக்காகக் காட்டி நின்றுவிடுகின்றன. கல்லூரியில் முழுப் புதினம் பாடமாகிறது. ஆனால் அங்கு அது தேர்வுக்குரிய கதைச்சுருக்கமாகவும் பாத்திரப் படைப்பு வினாக்களாகவும் மாறிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வயதில், அதாவது பத்து முதல் பதினாறு வரை, ஒரு பிள்ளை முழுப் புதினத்தைச் சந்திப்பதற்கு எஞ்சியிருக்கும் இடம் வீடு மட்டுமே. ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைகள் பெருகிவிட்ட திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற நகர்ப்புறங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இப்பிள்ளைகளுள் பலர்க்குத் தமிழ் காதுக்குப் பழகிய அளவுக்குக் கண்ணுக்குப் பழகவில்லை. நான்கு வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கதை அவர்கள் கையை விட்டு நழுவிவிடுகிறது. அதே நான்கு வரிகளை ஒருவர் படிக்கக் கேட்டால் அவர்கள் தடையின்றிப் பின்தொடர்கின்றனர்.

கேட்டல் வழி வாசிப்பு

தமிழில் புதினம் தோன்றிய காலத்தில் வாய்விட்டுப் படிப்பதும் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதும் பரவலாக இருந்தன என்பதையும், அவ்வழக்கம் படிப்படியாக மௌன வாசிப்புக்கு இடம் கொடுத்ததையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இம்மாற்றத்தை வரலாற்றுப் போக்காக ஏற்றுக்கொள்ளும் நாம், தொடக்ககாலப் புதினங்களின் நடையே கேட்போரை உன்னி எழுந்தது என்பதை மறந்துவிடுகிறோம். வேதநாயகம் பிள்ளையின் நெடிய தொடர்கள் கண்ணுக்குச் சுமையாகவும் காதுக்கு எளிதாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. கல்கியின் கதைசொல்லி நேரே நம்மை விளித்துப் பேசுவதும், கதையை ஓரிடத்தில் நிறுத்தி வேறிடத்துக்கு நம்மை அழைத்துச் செல்வதும் அச்சில் காண்கையில் சிலருக்குப் பழம்பாணியாகத் தோன்றலாம். படித்துக் காட்டும் குரலில் அவை உயிர்பெறுகின்றன. சுருக்கப் பதிப்புகள் இவற்றைத்தான் முதலில் வெட்டுகின்றன.

சுருக்குவதே தவறு என்பது என் கருத்தன்று. 1807இல் சார்லஸ் லாம், மேரி லாம் ஆகியோர் சேக்சுபியர் நாடகங்களை இளையோருக்காகக் கதைகளாக எழுதியபோது, அவை மூலத்துக்கு ஓர் அறிமுகமே என்பதை முன்னுரையில் தெளிவாக்கினர். மூலத்திலிருந்து தக்க பகுதிகளைத் தமையன்மார் தங்கையர்க்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் வேண்டினர். அங்கே சுருக்கம் வாயிலாக நின்றது. நம் சந்தையில் கிடைக்கும் சுருக்கங்கள் பலவும் மூலத்தின் இடத்தையே பிடித்துக்கொள்கின்றன.

கனகசபை பட்ட அடி

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய பின்னரே முன்சீப் ஆனார். அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் புதினம் என்னும் சிறப்பாலேயே பெரிதும் அறியப்படுகிறது. வகுப்பறையில் அந்நூலைப் பற்றி நாம் சொல்வதும் பெரும்பாலும் அவ்வளவே. ஆனால் அந்நூலின் தொடக்கப் பகுதி முழுவதும் வீட்டுக் கல்வியைப் பற்றியது என்பது போதிய கவனம் பெறவில்லை.

செல்வக் குடும்பத்துப் பிள்ளையாகிய பிரதாபனுக்கு வீட்டிலேயே உபாத்தியாயர் அமர்த்தப்படுகிறார். பணமிருக்கப் படிப்பு எதற்கு என்னும் எண்ணம் வீட்டாரிடம் ஓங்கியிருக்கிறது. அவனை அடிக்க உபாத்தியாயருக்கு உரிமையில்லை. ஆகவே அவன் செய்யும் பிழைக்கு உடனிருந்து படிக்கும் கனகசபை அடிபடுகிறான். நகைச்சுவை போலச் சொல்லப்படும் இப்பகுதியைப் படித்துக் காட்டும்போது பிள்ளைகள் முதலில் சிரிக்கின்றனர். சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி எழாமல் இராது: அடிபட்டவன் என்ன ஆனான்? புதினம் அதற்கு விடை வைத்திருக்கிறது. அதுவும் உடனே அன்று, நெடுந்தொலைவு சென்ற பின்னர். கனகசபையின் பிறப்பைப் பற்றிய உண்மை வெளிப்படும் இடத்தில், அடி வாங்கியவனும் வாங்காதவனும் நிற்கும் நிலைகள் வேறாகிவிடுகின்றன. சுருக்கத்தில் இவ்விரு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவு அழிந்துவிடுவதால், முதல் நிகழ்ச்சி வெறும் வேடிக்கையாகவும் இரண்டாவது வெறும் திருப்பமாகவும் எஞ்சுகின்றன.

பிரதாபனின் தாய் சுந்தரத்தண்ணி கல்வி எதற்கு என்பதை மகனுக்கு எடுத்துரைக்கும் பகுதி நீண்டது. அறவுரைத் தன்மை மிக்கது. இங்கே நாவலாசிரியரை நீதிநூலாசிரியர் வென்றுவிடுகிறார் என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வறவுரை யார் வாயிலிருந்து வருகிறது என்பது நோக்கத்தக்கது. பெண்கல்விக்காக 1869இல் 'பெண்மதி மாலை' பாடியவர், தம் புதினத்தில் கற்பிக்கும் அதிகாரத்தைத் தாயிடம் கொடுக்கிறார். பின்னர் ஞானாம்பாளும் பிரதாபனும் ஒன்றாகக் கற்கின்றனர்; கற்றலில் ஞானாம்பாளே முந்துகிறாள். இந்நூலை இன்று வீட்டில் படித்துக் காட்டுவோர் பெரும்பாலும் தாயரும் பாட்டியருமே. நூலுக்குள் இருக்கும் தாயின் குரலை நூலுக்கு வெளியே ஒரு தாய் பேசிக் காட்டுகையில் அறவுரையின் வறட்சி பெருமளவு குறைகிறது. அதன் நீளம் குறைவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வதே வழி.

நூலின் சாதி, குலப் பெருமை சார்ந்த கருத்துகளை என்ன செய்வது? வெட்டிவிட்டுப் படிப்பதை நான் ஏற்கவில்லை. நின்று, இது அக்காலத்தின் பார்வை என்று சொல்லி, பிள்ளை மறுத்துப் பேச இடம் கொடுத்து, மேலே செல்வதற்கு வகுப்பறையைவிட வீட்டில் நேரம் மிகுதி.

சித்திர மண்டபத்துப் பாடம்

கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1941–43ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. திருச்சிராப்பள்ளி தேசிய உயர்நிலைப் பள்ளியில் பயின்று, ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் படிப்பை விட்டு வெளியேறியவர் அதன் ஆசிரியர். கதை தொடங்குவது உறையூரை அடுத்த காவிரித் தோணித்துறையில். அதாவது, இன்று மாநகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட இடத்தருகே.

இப்புதினத்தின் மையத்திலும் ஒரு வீட்டுப் பாடம் இருக்கிறது. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போருக்குப் புறப்படும் பார்த்திப மன்னன், தன் சிறுவயது மகன் விக்கிரமனைச் சித்திர மண்டபத்துக்கு அழைத்துச் சென்று தான் தீட்டிய ஓவியங்களைக் காட்டுகிறான். சோழநாடு எப்படி இருக்க வேண்டும் என்று அவன் கண்ட கனவுகள் அவை. எழுத்தால் அன்றிப் படத்தால் நிகழும் இப்பாடம் முழுப் புதினத்தையும் இயக்குகிறது. இப்பகுதி பெருமிதத்தோடு படிக்கப்படுவதே வழக்கம். ஆனால் நிறைவேறாத தன் ஆசையைப் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு தந்தை ஏற்றிவிட்டுச் செல்வதாகவும் இதைப் படிக்கலாம். கல்கி அவ்வாறு கருதினார் என்று கொள்ள இடமில்லை. இன்றைய பிள்ளைகள் அவ்வாறு கேட்க இடமுண்டு.

மன்னர் குலத்தின் செல்வமாகப் பேணப்படும் பெட்டியில் இருப்பவை உடைவாளும் திருக்குறள் சுவடியும். அதைக் காக்கும் பொறுப்பு படகோட்டி பொன்னனுடையது. போருக்கு வரத் துடித்த பொன்னனை மன்னன் தடுத்து, அரசியையும் இளவரசனையும் பார்த்துக்கொள்ளப் பணிக்கிறான். திருவரங்கத்தில் இப்பகுதியை நான் படித்துக் காட்டியபோது என் அக்காள் மகள், "அப்படியென்றால் கனவு பொன்னனுக்கும் உண்டுதானே, அதை யார் வரைந்தார்கள்?" என்று கேட்டாள். முனைவர் பட்ட ஆய்வுகளில் இப்புதினத்தின் தலைமைப் பாத்திரங்களைக் குறித்து எழுதப்படும் பக்கங்களை எண்ணும்போது, இக்கேள்விக்கு ஓர் இயலாவது ஒதுக்கப்பட வேண்டும் எனத் தோன்றுகிறது.

எதை முதலில் படிப்பது

கதை நிகழும் கால வரிசைப்படி 'சிவகாமியின் சபதம்' முன்னது. எழுதப்பட்ட வரிசைப்படி 'பார்த்திபன் கனவு' முன்னது. கால வரிசையைப் பின்பற்றுமாறு பலரும் அறிவுறுத்துகின்றனர். இல்ல வாசிப்பில் இது பெரும் இழப்பு. 'பார்த்திபன் கனவின்' உயிர்நிலை சிவனடியார் யார் என்னும் மறைபொருளில் உள்ளது. போர்க்களத்தில் சாகும் நிலையில் கிடக்கும் பார்த்திபனுக்கு வாக்குக் கொடுப்பவர், அவனை வென்ற பல்லவப் பேரரசரே. நரசிம்மவர்மரின் இளமைக் காதலையும் வாதாபிப் படையெடுப்பையும் முன்னரே அறிந்த பிள்ளைக்கு அம்மாறுவேடத்தை ஊகிப்பது எளிதாகிவிடும். ஊகிக்கும் இன்பம் போய்விடும். அதைவிட முதன்மையாக, பகைவர் என்று தான் வெறுத்த ஒருவரை மறுமதிப்பீடு செய்யும் கட்டாயம் பிள்ளைக்கு நேராமல் போய்விடும்.

படித்துக் காட்டும் மூத்தவருக்கு இங்கு ஒரு கடமை உண்டு: விடையை அறிந்தும் வாய் திறவாமை. இதழில் படித்தவர்கள் அடுத்த இயலுக்காகக் காத்திருந்தனர். நூலாகியதும் அக்காத்திருப்பு அற்றுப்போனது. நாளுக்கு ஓர் இயல் என்று வரையறுத்தால் அது ஓரளவு மீள்கிறது. கல்கியின் இயல்கள் இரவு உணவுக்குப் பின்னர் ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க அளவின.

இரு புதினங்களுள் கல்கியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வேதநாயகம் பிள்ளைக்குச் செல்வதே நடைமுறைக்கு ஒத்தது. 'கமலாம்பாள் சரித்திரம்' அதன் பிற்பகுதி வேதாந்தத்தின் பொருட்டு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

மலைமேல் ஒரு சான்று

பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனை மாந்தர். நரசிம்மவர்மர் வரலாற்று மாந்தர். இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்கத் திருச்சிராப்பள்ளியில் இருப்போருக்கு அரிய வாய்ப்பு ஒன்று உண்டு. மலைக்கோட்டையின் மேற்குடைவரை நரசிம்மவர்மரின் தந்தை முதலாம் மகேந்திரவர்மர் குடைவித்தது. லளிதாங்குர பல்லவேசுவரம் எனப் பெயர் பெற்றது. அங்கே கங்காதரர் சிற்பமும், கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட வடமொழிக் கல்வெட்டும் உள்ளன. சோழரின் நாட்டையும் காவிரியையும் காண வேண்டுமென்று சிவன் விரும்பியதாகவும், அதன்பொருட்டு மன்னன் இம்மலையில் கோயில் அமைத்ததாகவும் அக்கல்வெட்டு கூறுகிறது. சோழர் தலைநகரைக் கீழே நோக்கும் குன்றில் பல்லவன் கல்வெட்டுப் பொறித்திருக்கிறான் என்றால், கப்பம் என்னும் சொல்லுக்கு வேறு அகராதி வேண்டியதில்லை. படியேறும் களைப்போடு காணும் இச்சான்று, புதினம் எதைக் கற்பனை செய்தது, எதைக் கற்பனை செய்யவில்லை என்பதை ஒரு மாலைப் பொழுதில் தெளிவாக்கிவிடும். அங்கிருந்து வடக்கே நோக்கினால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத் தீவும் கண்ணில் படும்.

பதிப்புத் தேவை

கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையாக்கப்பட்டதால் பல பதிப்பகங்களின் பதிப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன, மின்பதிப்புகளும் உள்ளன. அவற்றுள் மெய்ப்புப் பிழை மலிந்தவையும் உண்டு. கண்ணால் படிப்பவர் தாண்டிச் செல்லும் பிழை, வாய்விட்டுப் படிப்பவரைத் தடுக்கி நிறுத்தும். 'பிரதாப முதலியார் சரித்திரத்தின்' சிக்கல் வேறு. உபாத்தியாயர், சம்பாஷணை போன்ற சொற்களைப் பாட்டி விளக்கிவிடுவாள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நீதிமன்ற வழக்காறுகளும் வருவாய்த் துறைச் சொற்களும் வருமிடங்களில் அவளும் நிறுத்திவிடுகிறாள். அவற்றுக்குப் பக்க அடியிலேயே ஓரிரு வரிக் குறிப்புத் தரும், மூலத்தில் ஒரு சொல்லையும் நீக்காத பதிப்பு ஒன்றே இதற்கு வேண்டும். அச்சொற்களைத் திரட்டுவது முதுகலை மாணவர் ஒருவரின் ஓராண்டுத் திட்டக்கட்டுரைக்குப் பொருந்தும் அளவான பணி.