இரண்டு இயங்குதளத்திற்கு இரட்டை நினைவகம் வேண்டுமா?

நாஞ்சில் நாட்டில் அறுப்புக் காலத்தில் ஒரே களத்தை இரண்டு வீட்டார் பயன்படுத்துவது உண்டு. திங்கட்கிழமை ஒரு வீட்டார் சூடடித்து, தூற்றி, நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டிவிட்டுக் களத்தைப் பெருக்கிக் கொடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டார் வருவார்கள். இரண்டு வீட்டாருக்கும் வேண்டுமே என்று யாரும் களத்தை இரு மடங்கு அகலமாக்குவதில்லை. அதிக நெல் உள்ள வீட்டாருக்குக் களம் போதுமானால் மற்றவருக்கும் போதும். ஆனால் இருவரும் ஒரே நாளில் சூடடிக்க வந்தால் கணக்கு வேறு.

இந்த எளிய கணக்கு, மடிக்கணினிக்கு நினைவகம் வாங்கும்போது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது. அதைப் பற்றியதே இந்த விமரிசனம்.

எங்கள் ஊர் கீரிப்பாறை. ரப்பர்த் தோட்டங்களும் காடும் சூழ்ந்த மலையடிவாரம். இவ்வூரிலிருந்து கல்லூரிக்கு வரும் இயற்பியல் மாணவி ஒருத்திக்கு அரசின் இலவச மடிக்கணினி கிடைத்தது. அவள் தாய் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. ஒரு மாலையில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

“சார், இதில விண்டோசும் லினக்சும் ரெண்டும் இருக்கு. ரெண்டுக்கும் சேத்து எட்டு பத்தாதாம். பதினாறு ஆக்கணும்னு கடையில சொல்லுதாவ” என்றாள் மாணவி.

“மக்களுக்கு வேணும்னா எப்படியும் வாங்கிக் குடுத்திருவேன் சாரே. ஆனா வேணுமா வேண்டாமான்னு நீங்க பாத்துச் சொல்லணும்” என்றார் தாய்.

கடைக்காரர் கேட்ட தொகை அந்தத் தாயின் பல வாரக் கூலி. எனவே இது வெறும் தொழில்நுட்ப ஐயம் அன்று. தவறான ஒரு கூட்டல் கணக்குக்கு ஓர் ஏழை வீடு விலை கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

களமும் பத்தாயமும்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்ப்போம். கடைத்தெருவில் ‘மெமரி’ என்ற ஒரே சொல், ரேம் எனப்படும் நினைவகத்தையும் கோப்புகள் நிலையாகத் தங்கும் சேமிப்பு வட்டையும் குறிக்கிறது. தமிழிலும் இரண்டையும் நினைவகம் என்றே எழுதுவோர் உண்டு. ஆனால் இவை இரண்டும் களமும் பத்தாயமும் போல வேறுவேறானவை.

ரேம் என்பது களம். கணிப்பொறி வேலை செய்யும் நேரத்தில் மட்டும் செய்திகள் அங்கே பரப்பப்படுகின்றன. அதன் ஒவ்வொரு நுண்ணறையும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-இல் கண்டு, 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஆனால் மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். ஆகையால் ஏறத்தாழ 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு அறையையும் படித்து மீண்டும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் சிறிது நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும். களம் பெருக்கப்பட்டுவிட்டது எனலாம்.

வட்டு என்பது பத்தாயம். மின்சாரம் போனாலும் உள்ளிருப்பது அப்படியே இருக்கும்.

ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்களைப் பதித்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். லினக்சைத் தேர்ந்தெடுத்தால் நினைவகம் முழுவதும் லினக்சுக்கே. விண்டோஸ் அப்போது வட்டில் கிடக்கும் வெறும் கோப்புகள். நினைவகத்தில் அதற்கு ஒரு பைட்டும் தேவையில்லை. எனவே இங்கே வேண்டிய நினைவகம் இரண்டு தேவைகளின் கூட்டுத்தொகை அன்று, அவற்றுள் பெரியது மட்டுமே. விண்டோசில் நம் வேலைகளுக்கு 7 ஜிகாபைட்டும் லினக்சில் 4 ஜிகாபைட்டும் தேவை என்று வைத்துக்கொண்டால், விடை 7; 11 அன்று.

வட்டின் கணக்கோ முற்றிலும் வேறு. இரு வீட்டு நெல்லும் எப்போதும் பத்தாயத்தில் இருந்தே ஆகவேண்டும். அங்கே கூட்டல்தான் சரி.

அரசு மடிக்கணினி தரும் சான்று

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கருவிகளில் 2 ஜிகாபைட் நினைவகமும் 320 ஜிகாபைட் வட்டும் இருந்தன. அவற்றில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்த்தே பதிக்கப்பட்டிருந்தன. பாஸ் என்பது சி-டாக் என்ற நம் நாட்டு அரசு நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம். அன்றைய விண்டோஸ் 7-இன் 64-பிட் வடிவத்துக்கு மைக்ரோசாஃப்ட் விதித்த குறைந்தபட்ச நினைவகமே 2 ஜிகாபைட். அந்த 2 ஜிகாபைட்டிலேயே இரண்டு இயங்குதளங்கள் மாறிமாறி ஓடின. இரண்டு என்றால் இரட்டை வேண்டும் என்பது உண்மையானால் இது நடந்திருக்க முடியாது.

இலவசக் கருவியில் இரண்டாவது இயங்குதளத்தையும் சேர்த்தது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். உரிமக் கட்டணமில்லாத மென்பொருள்களை மாணவன் வீட்டிலேயே கற்கலாம். அதற்காக நினைவகத்தில் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவில்லை.

இப்போது 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய கருவியைப் பார்ப்போம். 8 ஜிகாபைட் நினைவகம், 256 ஜிகாபைட் திண்மநிலை வட்டு, விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ். பதினைந்து ஆண்டுகளில் நினைவகம் நான்கு மடங்காகியிருக்கிறது. வட்டோ 320-இலிருந்து 256 ஆகக் குறைந்திருக்கிறது! வேகத்தில் திண்மநிலை வட்டு பழைய சுழல்வட்டைவிடப் பன்மடங்கு உயர்ந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொள்ளளவில் களம் விரிந்து பத்தாயம் சுருங்கியிருக்கிறது.

சுருங்கிய அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும. வட்டு செய்வோர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதை 2-இன் 30-ஆம் அடுக்காக, அதாவது 107 கோடிக்குச் சற்று மேலாக எண்ணுகிறது. ஆகவே 256 என்று எழுதிய வட்டு திரையில் ஏறத்தாழ 238 என்றே காட்டும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிகாபைட் இடம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி. நினைவகத்துக்கு அது விதித்த குறைந்தபட்சம் 4 ஜிகாபைட்தான். மிஞ்சும் இடத்தில்தான் லினக்சும், பாடக் குறிப்புகளும், படங்களும், காணொளிகளும் அடங்க வேண்டும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்போர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நினைவகத்தைக் கூட்டினால் வட்டிலும் இடம் குறையலாம். விண்டோஸ் தன் உறக்கநிலைக்காக வட்டில் ஒதுக்கும் முழுக் கோப்பு, வழக்கமாக நினைவகத்தின் 40 சதவீதம். 8 ஜிகாபைட்டுக்கு அது 3.2, 16-க்கு 6.4. லினக்சிலும் உறக்கநிலை வேண்டுமென்றால் நினைவகத்தின் அளவுக்கு வட்டில் இடம் விடுவது வழக்கம். இரண்டையும் பயன்படுத்துவோர் 8-இலிருந்து 16-க்கு மாறினால் 11 ஜிகாபைட்டுக்கு மேல் வட்டில் இழக்க நேரலாம். களத்தை அகலப்படுத்தப் பத்தாயத்தின் சுவரை இடித்த கதை!

எப்போது கூட்ட வேண்டும்?

கடைக்காரர் சொல்வது எப்போதுமே தவறு என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் அவர் சொல்வதே சரி. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனுள் ஒரு மெய்நிகர்க் கணிப்பொறியை அமைத்து, அதில் லினக்சை ஓட்டும் முறை உண்டு. விண்டோசுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை இயக்க மைக்ரோசாஃப்ட் தரும் வசதியின் இரண்டாம் பதிப்பும் இத்தகையதே. வழக்கமான அமைப்பில் அது மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளக்கூடும். இரு வீட்டாரும் ஒரே நாளில் களத்தில் நிற்கிறார்கள். இங்கே 8 ஜிகாபைட் நெருக்கடிதான். 16 இருந்தால் நிம்மதி.

ஆகவே நினைவகத்தைத் தீர்மானிப்பது எத்தனை இயங்குதளங்கள் இருக்கின்றன என்பதன்று. எத்தனை ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பதே. கடையில் எவரும் உங்களிடம் கேட்காத கேள்வி இது. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இயங்குதளம் மட்டும் ஓடினாலும் நினைவகம் போதாமல் போகலாம். அதை ஊகத்தால் அன்று, அளவையால் அறிய வேண்டும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் எல்லா வேலைகளையும் ஒருசேரத் திறந்துவைத்துக்கொண்டு, விண்டோசில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பாருங்கள். லினக்சில் சிஸ்டம் மானிட்டரைப் பாருங்கள். எப்போதும் விளிம்பு வரை நிறைந்திருந்து, வட்டும் ஓயாமல் இயங்கினால் பற்றாக்குறை உண்மை. ஏனெனில் களத்தில் இடமில்லாதபோது இயங்குதளம் செய்திகளை வட்டுக்குத் தூக்கிச் செல்கிறது. நினைவகத்தில் ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நானோசெகண்டு. திண்மநிலை வட்டில் 100 மைக்ரோசெகண்டு அளவு. சுழல்வட்டில் 10 மில்லிசெகண்டு அளவு. முதலாவதை ஒரு விநாடி என்று கொண்டால், இரண்டாவது கால் மணிக்கு மேல். மூன்றாவது ஒரு பகலும் இரவும் கடந்து சில மணி நேரம்! பழைய கருவிகள் திணறியதன் காரணம் இப்போது விளங்கும்.

வாங்குவதென்று முடிவானால் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, உங்கள் கருவியில் நினைவகத்தை மாற்ற முடியுமா? சில கருவிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். காலிச் செருகிடம் இருக்காது. இரண்டு, தலைமுறை ஒத்திருக்க வேண்டும். மடிக்கணினி நினைவகப் பலகையில் டி.டி.ஆர்.3-க்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4-க்கு 260, டி.டி.ஆர்.5-க்கு 262. வெட்டுக்குறியும் மின்னழுத்தமும் மாறுபடும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மூன்று, இரண்டு செருகிடங்கள் இருந்தால் சம அளவுள்ள இரண்டு பலகைகள் நல்லது. நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையே இரண்டு பாதைகள் திறப்பதால் செய்தி செல்லும் வேகம் கோட்பாட்டளவில் இரட்டிக்கும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. அளந்து பார்க்காமல் வாங்குவது இன்னும் பெரிய இழப்பு.

பெருக்காத களம்

இரண்டு இயங்குதளம் வைத்திருப்போர் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. விண்டோசில் விரைவுத் தொடக்கம் என்றொரு வசதி உண்டு. அது இயங்கும்போது நீங்கள் கணிப்பொறியை நிறுத்தினாலும் விண்டோஸ் தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அதிலிருந்து தொடர்கிறது. இடையில் லினக்சுக்குள் நுழைந்து விண்டோசின் பகுதியில் கோப்புகளை மாற்றினால் என்ன ஆகும்? முதல் வீட்டார் அளவைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு போக, இரண்டாம் வீட்டார் அவர்கள் பத்தாயத்தில் கைவைத்தது போலத்தான். திரும்பி வருபவரின் கணக்கு பிசகும், கோப்புகள் சிதையும். லினக்ஸ் பெரும்பாலும் இதை உணர்ந்து அப்பகுதியைப் படிக்க மட்டும் திறக்கும். என்றாலும் அந்த வசதியை அணைத்துவிடுவதே பாதுகாப்பு. இதற்குச் செலவு ஏதுமில்லை. அதனால்தானோ என்னவோ, நினைவகம் விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை!

கீரிப்பாறை மாணவியின் கருவியை அன்று மாலையே மூவரும் அமர்ந்து சோதித்தோம். அவள் லினக்சில் செய்வது பைதான் நிரல்கள். விண்டோசில் எழுத்து வேலையும் காணொளிப் பாடங்களும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டும் தேவை இல்லை. எல்லாவற்றையும் திறந்துவைத்தபோதும் நினைவகத்தில் இடம் மிச்சமிருந்தது. வட்டுதான் காணொளிகளால் நிறைந்து கிடந்தது. தேவையற்றவற்றை நீக்கினோம், விரைவுத் தொடக்கத்தை அணைத்தோம். அவ்வளவுதான்.

“அப்ப காசு வேண்டாமா சாரே?” என்று தாய் மீண்டும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

“இப்போதைக்கு வேண்டாம் அம்மா. ரெண்டும் ஒரே நேரத்தில ஓட்டுற பாடம் வந்தா அப்போ பாத்துக்கலாம்” என்றேன்.

இளம் நண்பர்களே, உங்கள் கையிலுள்ள கருவியையும் இன்றே சோதித்துப் பாருங்கள். ‘பெரிய எண் நல்ல எண்’ என்பது விளம்பரத்தின் விதி. எதைக் கூட்டுவது, எதைக் கூட்டக்கூடாது என்று அறிவது அறிவியலின் விதி. களத்தின் அகலத்தைக் களத்தில் இறங்கி அளந்தவரே சொல்ல முடியும்.